கசடு

உங்கள் மோதிரத்தில் இருக்கும் சிவப்புக் கல் கண்ணாடி. வருத்தப்பட ஒன்றுமில்லை, நல்ல கண்ணாடிதான். ஓரத்தில் உருண்டையாக ஒரு காற்றுக் குமிழ் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. மாணிக்கத்துக்குள் காற்று அப்படி மாட்டிக்கொள்ளாது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கொடுத்தவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான விஷயங்கள் தெரிவதில்லை. அதனால் அவர்கள் தூக்கம் கெடுவதும் இல்லை.

இதோ, மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

என் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நான் செய்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். இந்த ஊரில் கல்யாண வீடுகளில் பளிச்சென்று சிரிக்கிற கிழவர்களில் பாதிப்பேர் என் கைவேலையைத்தான் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். கல் என் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல் தேடிக் கிளம்பும் ஒரு குழு எங்களுக்கு உண்டு. குழு என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதில் அவருக்கு ஒரு முகம் தெரியும். "இங்க பாருங்க சார், மூக்கு, இது கண்ணு" என்று நீட்டுவார். மற்றவர்கள் அந்த மட்டத்துக்கும் கீழே. பளபளவென்றிருந்தால் வைரம், பச்சையாக இருந்தால் மரகதம். பொறுக்கியதையெல்லாம் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், நான் இன்ன கல் என்று சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். பொறுமையாகவே சொன்னேன். கத்தி முனையால் கீறிப் பார்ப்பேன், குளியலறை ஓட்டின் பின்பக்கத்தில் உரசிக் கோட்டின் நிறம் பார்ப்பேன், ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பேன், காந்தத்தை நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுவேன், கடைசியாக லென்ஸ். அப்புறம் பெயரைச் சொல்வேன். அவர்கள் மரகதம் என்று கொண்டுவந்தது பீர் பாட்டில் துண்டாக இருக்கும். முகம் தொங்கிப்போகும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதாக என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மையல்ல. உள்ளதைச் சொல்வதில் சந்தோஷம் என்ன, துக்கம் என்ன.

பல வருஷமாக என் வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் வார்த்தை கிடையாது. நான் குவார்ட்ஸ் என்றால் அது குவார்ட்ஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொண்டுவிடக் கூடாது.

மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தது போன வருஷம் கோடையில். என் மனைவியின் தம்பி. ஜன்னல் திரைச்சீலை விற்கும் கடை வைத்திருந்தான். கடையும் போயிற்று, கட்டியவளும் போனாள். ஒரு பெட்டி, ஒரு கிடார், அந்தக் கிடாரில் நரம்பு குறைவு. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் மாமா" என்றான். பின்கட்டு அறையில் என் கற்கள் இருந்தன. அவற்றை அலமாரிக்கு ஏற்றிவிட்டு அவனுக்குக் கட்டில் போட்டாள் என் மனைவி. அவன் காலையில் எழுந்ததும் விசில் அடிப்பான். பல் தேய்த்துக்கொண்டே விசிலடிக்க முடிந்த மனிதன் என்று நான் பார்த்தது அவன் ஒருவனைத்தான். சிரிப்பும் அப்படித்தான், காரணம் வேண்டாம். கோணலும் மாணலுமான பற்கள். என்னிடம் வந்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகவே செய்யச் சொல்லியிருப்பேன்.

கல் உருட்டும் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பொருட்களில் அதுவும் இருக்கிறது. உள்ளே ரப்பர் போட்ட ஒரு பீப்பாய். இரண்டு உருளைகளின் மேல் படுத்தபடி இடைவிடாமல் சுற்றும். கல், தண்ணீர், அரைக்கும் பொடி மூன்றையும் உள்ளே போட்டு மூட வேண்டும். முதலில் முரட்டுப் பொடி, அடுத்தது நைஸ், அதற்கடுத்து மாவு போன்றது, கடைசியில் மெருகு. வாரக்கணக்கில் ஆகும். ஆற்றில் நூற்றாண்டுகளாக நடப்பதை நாம் அறைக்குள் நடத்துகிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கல்லையும் பீப்பாயையும் அப்பழுக்கில்லாமல் கழுவ வேண்டும். முரட்டுப் பொடியில் ஒரு மணி ஒட்டிக்கொண்டு மெருகுக்குள் போய்விட்டால் போதும், அத்தனை கல்லின் முகத்தையும் பிறாண்டிவிடும். கெட்டியான கல்லோடு மெதுவான கல்லைச் சேர்க்கக் கூடாது. மெதுவானது தேய்ந்து சேறாகிவிடும். மிக எளிய விதிகள். திரைச்சீலை விற்றவனுக்குக்கூடப் புரியக்கூடியவை.

அவனுக்குப் புரியவில்லை. ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது எனக்கு உதவி செய்கிறேன் என்று பீப்பாயைத் திறந்து, சும்மா ஒரு அலசு அலசி, மெருகுப் பொடியைக் கொட்டி ஓட விட்டுவிட்டான். நான் பல மாதம் தேடிச் சேர்த்த பச்சை ஜாஸ்பர் கற்கள். திறந்து பார்த்தால் எல்லாம் கண்புரை விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன்தான் பேசினான்.

"ஐயோ, போச்சா மாமா? விடுங்க, ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

என் மனைவி சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் வர ஆரம்பித்தான். குழுவில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஈயைப் பிடித்துப்போவதற்கு அழுகிய பழத்துக்கு நேரமா ஆகும். அவன் தேடவே மாட்டான். குனிந்து நிலத்தைப் பார்க்கத் தெரியாது, வெயில் எந்தப் பக்கம் விழ நிற்பது என்று தெரியாது. செருப்பில் ஏறிய முள்ளை எடுக்க உட்கார்ந்தான், உட்கார்ந்த இடத்தில் கைக்கு ஒரு அகேட் அகப்பட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வரி வரியாக, மரத்தின் வளையம் மாதிரி, நடுவில் நீலம். நான் அந்த இடத்தை எத்தனை தடவை நடந்து கடந்திருப்பேன். "சாதாரண அகேட்" என்று சொன்னேன். அதுதான் உண்மை, அகேட் சாதாரணக் கல். காசாளர் அதைக் கையில் வாங்கி, ஒரு குழந்தை முகம் தெரிகிறது என்றார். எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அடுத்த வாரம் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய இடத்தில் கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

நீங்கள் பொறாமையா என்று கேட்டீர்கள், வந்ததும் முதல் கேள்வியே அதுதான். நம்மைவிட மேலே இருப்பவனைப் பார்த்துத்தான் பொறாமைப்பட முடியும். குருட்டுக் கோழி தானியம் கொத்துவதைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை, எரிச்சல்தான் படுவார்கள்.

மழைக்கு முன்னால், ஒரு தரிசு நிலத்தில், அந்தக் கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தான். தேங்காயளவு இருக்கும். அந்த அளவுக்கு அது அவ்வளவு கனக்கக் கூடாது. மேலே மெல்லிய கறுப்புத் தோல், களிமண்ணில் பெருவிரலால் அமுக்கியதுபோல் அங்கங்கே குழிகள். குமிழ் ஒன்றுகூட இல்லை. என் காந்தம் நூலோடு சாய்ந்து அதன்மேல் போய் ஒட்டியது. பக்கத்தில் எங்கும் கறுப்புக் கல்லே கிடையாது, எல்லாம் வெளிறிய மண்.

அது வானத்திலிருந்து விழுந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் கண்ணில் படாத பொருள். அதை அவன் இடுப்பில் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா இது, இவ்வளவு வெயிட்டு?"

"கசடு" என்றேன். "இரும்பு உருக்குற இடத்துல மிஞ்சறது. லாரியில கொண்டுவந்து கொட்டியிருப்பாங்க."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு நினைச்சேன்."

"அவ்வளவுதான்."

"நீங்க சொன்னா சரி மாமா" என்றான். காசாளர் மட்டும் அதில் ஒரு சிங்க முகம் தெரிகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். நான் அதைத் தடுக்கவில்லை. அந்த ஆள் எடுத்த படங்களை அதுவரை எவனும் பார்த்ததில்லை.

அந்தக் கசடை என்ன செய்வது என்று கேட்டான். வீட்டுக்குக் கொண்டுவா, தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். கொண்டுவந்தான், நல்ல பிள்ளையாக. நான் அதைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே சாம்பல் நிறம், அதில் ஊசி முனைகள் போல் இரும்பு மின்னியது. அழகாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். துண்டுகளை முரட்டுப் பொடியோடும் கெட்டியான குவார்ட்ஸ் கற்களோடும் பீப்பாயில் போட்டு மூடினேன். அது சுற்ற ஆரம்பித்தது. பல வாரங்கள் சுற்றியது. பொடி தீரத் தீரப் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அவன் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினான். மழை பெய்கிற மாதிரி இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்றான். கடைசியில் பழுப்புச் சேறுதான் மிஞ்சியது. கொல்லையில் குழி தோண்டி ஊற்றினேன். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, சிமென்ட் மாதிரி இறுகிக் குழாயை அடைத்துவிடும். இந்த மாதிரி விஷயங்களில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவனுக்கு நல்லது என்றுதான் செய்தேன். தகுதியில்லாதவன் கையில் பெரிய பொருள் அகப்பட்டால் அவன் தலை சுற்றிவிடும். பத்திரிகை, பேட்டி, படம் என்று ஒரு திரைச்சீலை வியாபாரியைக் கோமாளி ஆக்கிவிடுவார்கள். நான் அவனைக் காப்பாற்றினேன்.

காசாளரின் படத்தை ஒருவர் பார்த்துவிட்டார். அருங்காட்சியகத்தில் கற்கள் பிரிவில் இருப்பவர், காசாளரின் மருமகளுக்கு ஏதோ உறவு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவரை அழைத்துக்கொண்டு வந்தார் காசாளர். வந்தவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அந்தக் கறுப்புக் கல்லு எங்க சார்? படத்துல பாத்தா விண்கல் மாதிரியே இருக்கு. கைல எடுத்துப் பாக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் நான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று நீங்களே யோசியுங்கள். தெரியும் என்றால், தெரிந்தே அழித்தவன். தெரியாது என்றால், முட்டாள். இரண்டே கதவுகள்.

"கசடுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் உச்சுக் கொட்டினார். "இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்றார், சின்னப் பையன் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டதுபோல். கல் பார்ப்பதைச் சம்பளத்துக்குச் செய்கிற ஆள், அதுவும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு. என் மச்சினன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். எல்லோர் முன்னாலும்.

"விடுங்க சார். மாமாவும் மனுஷன்தானே? தப்பு வர்றது சகஜம். நான் அடுத்த தடவ இன்னொண்ணு கண்டுபிடிச்சுத் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கூடம் இலேசாகிவிட்டது. அவன் என்னை மன்னித்துவிட்டான், புரிகிறதா. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, சட்டையைப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. பல் செட்டுக்கும் லாயக்கில்லாத அந்த வாயைத் திறந்து, சிரித்து, என்னை மன்னித்தான்.

அன்று அவர்கள் போனதும் என் மனைவி தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "என்னங்க, அந்த மிஷின்ல அத்தனை வாரமா என்ன ஓடிச்சு? துரு நாத்தம் அடிச்சுதே."

"கல்லு" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது அழுகிறாளாம். கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரத்திலிருந்து கல்லை என்னிடம் நீட்டுகிறபோது அவர்கள் பார்வை அவன் பக்கம் போனது. காசாளர் வாய்விட்டே சொன்னார்: "தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே, அவருக்குக் கை ராசி." நான் ஜாஸ்பர் என்று சொன்ன ஒரு கல்லை வாங்கி அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா சொல்றதுதான்" என்றான். என் வார்த்தைக்கு அவன் முத்திரை குத்த வேண்டிய நிலை.

மழை நின்றதும் நான் மட்டும் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போனேன். பாறையில் பழைய வெட்டு ஒன்று அங்கே கூரை மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அதன் மேல்பக்கம் ஏறிப் பார்த்தேன். வெடிப்பில் கை முழங்கை வரை போயிற்று. கீழே, களிமண் படுகையில், இரண்டு பெரிய கற்கள் முட்டுக்கொடுத்து நின்றன. வாயைப் பார்த்துப் பழகியவனுக்கு எந்தப் பல்லை எடுத்தால் எது சாயும் என்று தெரியும். பாறையும் அப்படித்தான்.

வேலை நாளாகப் பார்த்து அவனைக் கூப்பிட்டேன். காசாளரிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தனியாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். கூடத்தில் தான் அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமோ என்று பல நாளாக மனசு உறுத்துகிறது என்றான். வருத்தமில்லை என்றேன். என் நல்ல சுத்தியலை அவனிடம் கொடுத்தேன்.

"அடியில அந்த ரெண்டு கல்லு இருக்கு பாரு, அத நெம்பி எடு. பின்னாடி ஒரு பொந்து இருக்கும். படிகம் இருக்க வாய்ப்பு உண்டு."

"நீங்க வரல மாமா?"

"எனக்கு இடுப்பு வளையாது. நீ போ, உனக்குத்தான் கை ராசி."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். முதல் கல் வந்தது. இரண்டாவதை ஆட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து கத்தினான், "மாமா, நெசமாவே பொந்து இருக்கு." நான் அதைச் சும்மா சொல்லியிருந்தேன். அங்கே பொந்து இருக்க எந்தக் காரணமும் இல்லை. அவன் போன இடத்தில் இருந்தது. அவன் உள்ளே கையை விட்டு எதையோ பிடுங்கி எடுத்ததும், மேலே இருந்தது இறங்கியது.

தூசி அடங்க நேரமாயிற்று. இடுப்புக்குக் கீழே பாறை. மேலே அவன் முழுசாக இருந்தான், முகத்தில் ஒரு கீறல் இல்லை. வலது கை வெளியே நீண்டிருந்தது. கையில் ஒரு கல்.

"மாமா, கால் இருக்குறதே தெரியல. யாரயாவது கூப்பிடுங்க."

என் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. வேலை செய்தது. நீங்கள் சரிபார்த்துவிட்டீர்கள், அதனால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் குனிந்து அவன் கையிலிருந்த கல்லை எடுத்துக்கொண்டேன். அவன் கொடுத்தான் என்றுகூடச் சொல்லலாம், விரல்களைத் தளர்த்தினான். "என்ன கல்லு மாமா அது?" என்றும் கேட்டான், அந்த நிலையிலும்.

"இரு, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நிழலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உடனே போன் செய்வது என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஊதா நிறம், திருப்பினால் பச்சை, இன்னும் திருப்பினால் நிறமே இல்லை. சோதனைச் சாமான்கள் எப்போதும் என் தோள்பையில் இருக்கும். கத்தியால் கீறினேன், கோடு விழவில்லை. ஓட்டில் உரசினேன், கோடு எதிர்பார்த்த நிறத்தில் வரவில்லை. அமிலம் விட்டேன். காந்தம் காட்டினேன். லென்ஸை வைத்து, வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி நிழலுக்குப் போய்ப் பார்த்தேன். அவன் முதலில் சத்தமாகக் கூப்பிட்டான். அப்புறம் தண்ணீர் கேட்டான். அப்புறம் அவன் அக்காவைப் பற்றி ஏதோ சொன்னான், சின்ன வயதில் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவாளாம். என் கவனம் கலைந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பேசாமல் இரு என்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவன் பேசாமல் இருந்தான்.

குப்பை கொட்ட வந்த லாரி டிரைவர்தான் எங்களைப் பார்த்தது. மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், சார், அங்க ஒரு ஆள் பாறைக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்காரு."

"தெரியும்" என்றேன். "கொஞ்சம் இருங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களிடம் விளக்கமாகச் சொல்லியிருப்பார். லாரி ஓட்டுபவருக்கு அந்த வேலையின் அருமை எப்படித் தெரியும்.

அந்தக் கல்லை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தச் செருப்புக் கழற்றத் தெரியாத ஆளும் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றாராம், வெளியே அனுப்ப வேண்டுமாம், புதிய வகையாக இருந்தால் கண்டெடுத்தவர் பெயரையே வைப்பார்களாம். புதிதாவது, ஒன்றாவது. அவன் எடுத்தது எல்லாமே சாதாரணக் கல். எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் போதும்.

தாளைத் தள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாறை சாயும் என்று தெரிந்தே அவனை உள்ளே அனுப்பினேன். உயிரோடு கிடந்தவனைச் சாகும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொலைதான், அந்த வார்த்தையையே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது என்ன கல் என்று எனக்குத் தெரியவில்லை என்று இங்கே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.